கன்னத்தில் பூசிய சம்மதம்

ஒரு கன்னத்தில் கிரீம் பூசியாயிற்று. மறு கன்னத்துக்குப் பலராபா விரலைக் கொண்டுபோகும்போது குலவைச் சத்தம் கேட்டது. குலவையிட்டபடியே உள்ளே வந்தவள் அவள் கணவனின் அக்கா தலாத்து.

"பூசிட்டியா? அப்பாடா, எடுத்துக்கிட்டியே தாயி! நீ தூக்கி வீசிருவேன்னு என் தம்பி நேத்துப் பூரா நடுங்கிட்டுக் கெடந்தான்."

"எதை எடுத்துக்கிட்டேன் மதினி?"

"அட, தெரியாத மாதிரி கேக்குறதைப் பாரு! வெள்ளிக்கிழமை நிக்காஹ். பொண்ணு பேரு மைரோ. பத்தொம்பது வயசு. முகம் அப்படியே பளிங்கு."

பலராபாவின் விரல் கன்னத்தைத் தொடாமல் நின்றது.

கானோ நகரத்தில் ஒருவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வருமுன் மூத்தவளுக்கு ஒரு சீர் கொடுக்க வேண்டும். நெஞ்சமுக்கும் சீர் என்று பெயர். எரிகிற நெஞ்சை அமுக்கத்தானாம். எடுத்துக்கொண்டால் சம்மதம், அதற்கு மேல் அவள் வாய் திறக்கக்கூடாது. நெஞ்சு எரிந்தே பார்த்திராத எவனோ கண்டுபிடித்த வைத்தியம் இது.

முந்தாநாள் அவள் கணவர் அல்ஹாஜி சாலிசு ஒரு பொதியைக் கட்டிலில் வைத்து, "உனக்குத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார். உள்ளே பூப்போட்ட துணிகள், ஒரு சென்ட் பாட்டில், சுருக்கம் போக்கும் கிரீம். அவர் தன் முகத்தைக் கவனித்துவிட்டார் என்று நினைத்துப் பலராபா பூரித்துப்போனாள்.

ஆறு மாதமாக அவள் பட்ட பாடு அப்படி. வாடைக்காலத்துப் புழுதிக்காற்று தோலை உரித்தெடுக்கும் என்று விடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் முகம் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஷியா மரக்கொட்டை வெண்ணெய் பூசுவாள். வெயிலில் போனால் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொள்வாள். கிரீமைக் கீழிருந்து மேலாகத்தான் தடவவேண்டும் என்றாள் கடைக்கார அசாபே, அப்படியே தடவினாள். ஒருக்களித்துப் படுத்தால் கன்னத்தில் கோடு விழும் என்றாள். பலராபா கணவன் பக்கம்கூடத் திரும்பாமல் மல்லாந்து படுத்துப் பழகினாள். பாவம், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் அவர் எங்கோ பெண் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சீருன்னு தெரியாம எடுத்துட்டேன் மதினி. திருப்பிக் குடுத்துடறேன்."

"கன்னத்துல பூசினதை எப்படிடி திருப்பிக் குடுப்பே?" என்று சிரித்தாள் தலாத்து.

மைரோ வந்தாள். புதுப்பெண்ணுக்கு ஏழு நாள் உரிமை. அல்ஹாஜி அவள் அறையே கதியென்று கிடந்தார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கும்போதெல்லாம் பலராபாவுக்கு வயிறு பற்றியெரிந்தது. அவள் செருப்பின் சிறிய அளவைப் பார்த்தாலும் எரிந்தது. அந்தத் தோல் எப்படித்தான் இருக்கிறது, வெளிச்சத்தில் கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும், ஒரு பருவாவது இருக்காதா என்று தவித்தாள். இருபத்திரண்டு வருஷம் அவருக்குத் துவோக் களி கிளறிப் போட்ட கை, சும்மா இருக்க முடியாமல் எட்டாம் நாள் காலையில் மைரோவின் திரைச்சீலையை விலக்கியது.

மைரோ கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கிரீம் பூசிக்கொண்டிருந்தாள். பலராபாவுக்குக் கிடைத்த அதே கிரீம் பாட்டில். அவளும் கீழிருந்து மேலாகத்தான் தடவினாள்.

"இது கெழவிங்க பூசுறதாச்சே. உனக்கெதுக்குடி?" குரலில் விஷம் இருந்தது, பலராபா அதை மறைக்கவில்லை.

மைரோ பதறி எழுந்தாள். "அல்ஹாஜிதான் குடுத்தார் அக்கா. 'இப்பவே ஆரம்பிச்சுடு, மூத்தவ மாதிரி கோட்டை விட்றாதே. அவ மொகத்தை ஒழுங்கா பாத்துக்கிட்டிருந்தா நீ எதுக்கு'ன்னார்." சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது போலும், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிச்சு சிரிச்சுப் பேசுறியே அவர்கிட்ட."

"சிரிக்கலேன்னா கோபம் வருது. நான் படிக்கத்தான் ஆசைப்பட்டேன் அக்கா. அப்பாதான் கேக்கல." பிறகு மெல்லக் கேட்டாள்: "இதை எத்தனை வருஷம் பூசணும்?"

"அடுத்தவ வர்ற வரைக்கும்."

பளிங்கு போன்ற அந்த நெற்றி சுருங்கிற்று. இரண்டு கோடுகள், கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தன. பார்த்ததும் பலராபாவுக்குக் குளுகுளுவென்றிருந்தது. அந்தக் குளுமைக்காக மறுகணமே கூசிப்போனாள். இவள் என்ன செய்தாள்? ஒரே மனிதன் ஒரே கடையில் வாங்கிய இரண்டு பாட்டில்கள். அவற்றில் ஒன்று இவள் தலையில் விழுந்தது, அவ்வளவுதான். பொறாமை போய்விடவில்லை. உள்ளே கனன்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் அதை இந்தச் சிறுபெண்மேல் கொட்ட மனம் வரவில்லை.

முற்றத்திலிருந்து அல்ஹாஜியின் குரல் வந்தது. விருந்தாளிகள் இருவர் அவரோடு பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடி, ரெண்டு பேரும் உள்ளே என்ன ரகசியம் பேசறீங்க?"

மைரோ பலராபாவின் கையைப் பிடித்தாள். பலராபா திரைச்சீலையை முழுதாக விலக்கி, விருந்தாளிகளுக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்:

"ஒண்ணுமில்லே அல்ஹாஜி. எங்களுக்குச் சுருக்கம் போக்குற கிரீம் வாங்கிட்டு வந்தீங்களே, உங்க அம்பத்தெட்டு வயசு மொகத்துக்கு எப்ப வாங்கப் போறீங்கன்னு பேசிக்கிட்டிருக்கோம்."