பாதையில் சொன்ன முடிவு

கப்டன் ஓரின் திரும்பி வருகிறார் என்ற செய்தி கிண்ணியாவுக்கு வந்து சேர்ந்தபோது, பஸ்மியா பாமசியில் ஒரு கிழவருக்குச் சீனி வருத்தக் குளிசை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கொண்டுவந்தவன் ரிஷாத். எதிர்ப்பக்கம் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன். நாற்பத்துமூன்று வயது, தாடியில் பாதி வெள்ளை, வீட்டில் கலியாணம் பேசுகிற வயதில் மகள். அப்படிப்பட்ட மனுஷன் இரண்டு பக்கமும் பாராமல் றோட்டைக் கடந்து ஓடிவந்து, கண்ணாடி மேசையில் ஃபோனை வைத்து, ஒன்றரை நிமிஷ ட்ரெய்லரைப் போட்டுக் காட்டினான். காட்டும்போது அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

பஸ்மியா முழுவதையும் பார்த்தாள். நல்லம் என்றாள். பிறகு கிழவரிடம், குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறவரா பின்னால் போடுகிறவரா என்று கேட்டாள்.

ரிஷாத்துக்கு முகம் சப்பென்று போய்விட்டது. ஊரிலே இந்தச் செய்திக்கு முதலில் துள்ள வேண்டியவள் அவள்தான். "ஒன்பதாவது கலம்" என்ற அந்த விண்வெளித் தொடரைக் கிண்ணியாவில் ஒரு தலைமுறைக்கே அள்ளிக் கொடுத்தவள் அவள்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்பு பாலம் இல்லை. டவுனில் படிக்கிற பிள்ளைகள் காலையும் மாலையும் பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். பாதை என்றால் கால் நடக்கிற பாதை அல்ல. மிதவைகளின் மேல் பலகை அடித்து, ஆளும் சைக்கிளும் லொறியும் ஒன்றாக ஏறிக் கடலைக் கடக்கிற தெப்பம். யுத்த காலம். கரண்ட் வந்தால் விருந்தாளி, வராவிட்டால் வழமை. பஸ்மியாவின் வாப்பாவிடம் உழவு மெசின் இருந்தது, ஆகவே பற்றரி இருந்தது, ஆகவே ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவர்கள் வீட்டில் மட்டும் ஒரு கறுப்பு வெள்ளை ரீவீ ஓடியது. தமிழில் குரல் கொடுத்த அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு, திங்கள் காலை பாதையில் வைத்து, பதின்மூன்று வயதுப் பஸ்மியா அதைச் சொல்லுவாள். முப்பது நாற்பது பிள்ளைகள் சுற்றி நின்று வாய் பார்ப்பார்கள். கதை முடியவில்லையென்றால் பாதைக்காரர்கூடக் கயிற்றை ஆறுதலாகத்தான் கட்டுவார்.

கடைசிக் கதை வந்தது வெள்ளாமை வெட்டு நாளில். மெசின் இரவும் பகலும் வயலில் நின்றதால் பற்றரி களைத்துப் போயிருந்தது. கலம் உடைகிறது, ஒருவர் பின்தங்கி, கதவை வெளியே நின்று பூட்டினால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள். கப்டன் ஓரின் நிற்கிறார். மற்றவர்கள் பூமிக்கு வந்து சேர்ந்து, அவருக்காக ஒரு கதவுக்கு முன்னால் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். கதவு திறக்கப்போகிறது. அந்த இடத்தில் ரீவீப் படம் சுருங்கி, ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அணைந்துவிட்டது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாற்பது முகங்களைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல எந்தக் கதைக்காரிக்கு வாய் வரும்? கப்டன் வந்துவிட்டார் என்று சொல்லி முடித்தாள். டவுனில் சொந்தக்காரர் வீட்டில் பார்த்த ஒரு பொடியன் மட்டும், இல்லை, அவர் வரவில்லை என்றான். அவனைப் பத்தாம் வகுப்புக் கலீலுர் றஹ்மான் புத்தகப் பையால் அடித்து, பாதையின் விளிம்பு வரைக்கும் துரத்தினான். பிற்காலத்தில் பஸ்மியாவைக் கட்டினவர் அந்தக் கலீல்தான்.

இப்போது வந்த ட்ரெய்லர் அந்தப் பழைய பொய்யின் வாலைத்தான் மிதித்தது. கால் நூற்றாண்டாகக் காணாமல்போன கப்டன் ஓரின் என்று அதன் முதல் வசனமே சொல்லியது. "பாதைக் கூட்டம்" என்று பாதையில் கதை கேட்டவர்கள் வைத்திருந்த வட்ஸ்அப் குழுவில் தீப்பற்றியது. வந்துவிட்ட மனுஷன் எப்படிக் காணாமல்போவார் என்று கிண்ணியாக்காரர்கள் கேட்டார்கள். சல்லி என்ற ஊரிலிருந்து வந்து இவர்களோடு படித்த ரஜீவன், இப்போது டவுனில் ஃபோன் திருத்துகிற கடை வைத்திருப்பவன், அவர் அப்போதே வரவில்லை என்று சொல்லி, கடைசிக் காட்சியை இன்ரநெற்றிலிருந்து எடுத்து ஆங்கிலத்திலேயே போட்டுவிட்டான். ஆதாரம் கையில் கிடைத்தால் அடங்குகிற ஊரா இது? அது வெள்ளைக்காரருக்கு எடுத்த முடிவு, தமிழில் எங்களுக்குப் போட்ட முடிவு வேறு என்று ரிஷாத் நான்கு நிமிஷக் குரல்பதிவு ஒன்று அனுப்பினான். முப்பத்தேழு பேர் அதற்குக் கைதட்டினார்கள்.

பஸ்மியா ரஜீவன் அனுப்பியதைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கப் பயமும் இல்லை, ஆசையும் இல்லை. பதினான்கு மாதமாக அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது.

பதினான்கு மாதத்துக்கு முன்பு கட்டாரிலிருந்து கோல் வந்தபோது அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கே வேலை செய்த கலீலோடு ஒரே அறையில் இருந்தவர் பேசினார். நெஞ்சுவலி என்றார், ஆஸ்பத்திரி என்றார், பிறகு இன்னாலில்லாஹி என்றார். மய்யித்தை ஊருக்கு அனுப்பக் கடதாசி வேலைக்கு இரண்டு கிழமையாவது போகும், சுணக்காமல் அடக்குவதுதான் முறை, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஓம் என்றாள். அசர் தொழுகையோடு அடக்கம் முடிந்துவிட்டது என்று சேதி வந்தது. கழுவின மீன் அப்படியே சட்டியில் கிடந்தது. அதைப் பக்கத்து வீட்டார் ஆக்கிக் கொடுத்தார்கள்.

புருஷன் மௌத்தான பெண் வீட்டோடு இருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அழாதவளைப் பற்றி ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது: அல்லாஹ் எடுத்ததை ஏற்கிற ஈமான் உள்ளவள் என்று பாதிப் பேர், கல்நெஞ்சுக்காரி என்று மீதிப் பேர். இரண்டும் பிழை. கலியாணம் கட்டின பதினாறு வருஷத்தில் பதினொரு வருஷம் கலீல் கட்டாரில் இருந்தார். அவர் இல்லாத கட்டில், அவர் இல்லாத பெருநாள், அவர் இல்லாத சாப்பாட்டு மேசை எல்லாம் அவள் பழகிப்போனவை. மய்யித்தும் வரவில்லை, அதைத் தூக்குகிற சந்தூக்குப் பெட்டியும் வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கோல் ஒன்றைத் தவிர வீட்டில் எதுவும் குறையவில்லை. மௌத்து அந்த வீட்டுப் படலை வரைக்கும் வந்துவிட்டு, உள்ளே வராமல் நின்றது.

அதைவிடப் பெரிய பொல்லாப்பு மகள் ரிப்காவிடம் இருந்தது. பதினான்கு வயது. செய்தி வந்த அன்று அந்தப் பிள்ளை உம்மாவின் முகத்தை ஒருதரம் பார்த்தது. அங்கே ஒன்றுமில்லை என்று கண்டதும், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்த கோப்பைகளைக் கழுவப் போய்விட்டது. அன்றிலிருந்து அதுவும் அழவில்லை. போன மாதம் வகுப்பு ரீச்சர் பஸ்மியாவைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் காட்டினார். தகப்பன் தொழில் என்ற இடத்தில், கட்டாரில் சாரதி என்று ரிப்கா எழுதியிருந்தாள். வாப்பா அடுத்த வருஷம் வருவார் என்று கூட்டாளிமாரிடம் சொல்கிறாளாம். நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேணும், தாய் சொல்லாதவரைக்கும் பிள்ளை நம்பாது என்று ரீச்சர் சொல்லி அனுப்பினார். அன்று பின்னேரம் சோறு போடும்போது பஸ்மியா சொல்லத்தான் பார்த்தாள். நாக்கு எழும்பவில்லை. மறுநாளும் எழும்பவில்லை. ஒரு மாதம் ஓடிவிட்டது.

இந்த நிலைமையில்தான் குழு ஒரு முடிவுக்கு வந்தது. டவுனில் உட்துறைமுகப் பக்கம் ஒரு மண்டபம், சனிக்கிழமை பின்னேரம், பெரிய திரையில் புதிய தொடரின் முதல் இரண்டு கதை. அதற்கு முன்னால் பஸ்மியா மேடையேறி, பழைய கடைசிக் கதையைப் பாதையில் சொன்ன மாதிரியே சொல்ல வேண்டும். வந்தாரா வரவில்லையா என்பதை அவள் வாயால் தீர்த்துவைக்க வேண்டும். ரிஷாத் மூன்று நாள் வந்து கெஞ்சினான். மறுக்கவும் ஒரு தெம்பு வேண்டுமே, அது இல்லாமல் அவள் ஒத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மகளோடு பஸ்ஸில் பாலம் கடந்து போனாள். மண்டபத்து வாசலில், டவுனுக்குள் ஆடு மாடு மாதிரித் திரிகிற மான்களில் இரண்டு யாரோ போட்ட பப்பாசித் தோலைத் தின்றுகொண்டு நின்றன. உள்ளே ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம், பிளாஸ்ரிக் கதிரைகள் நிரம்பி வழிந்தன. ஒருவன் கலத்தின் சின்னத்தை ரீசேட்டில் அடித்துப் போட்டிருந்தான். தொந்திக்கு மேல் அது இழுபட்டுக் கிடந்தது. ஆளையாள் கட்டிப்பிடித்தார்கள். முடி கொட்டினவர்களும் பேரப்பிள்ளை கண்டவர்களும் பழைய பட்டப்பெயரால் ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள். ரிப்கா முன்வரிசையில் இருந்தாள்.

பஸ்மியா மைக்கைப் பிடித்துச் சொல்லத் தொடங்கினாள். வாய் தன்பாட்டில் சொன்னது. கலம் உடைந்தது, கப்டன் நின்றார், மற்றவர்கள் பிழைத்தார்கள். கதவுக்கு முன்னால் எல்லோரும் காத்து நிற்கிற இடம் வந்தது. கதவு திறந்தது என்று சொன்னாள். அதற்கு மேல் வரவில்லை.

மறந்துவிட்டாளாக்கும் என்று ரிஷாத் நினைத்தான் போல. இருந்த இடத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தான். உடனே முழு மண்டபமும் சேர்ந்துகொண்டது. பதின்மூன்று வயதில் அவள் கப்டனின் வாயில் வைத்த வசனத்தை, ஒரு சொல் பிசகாமல், சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சொன்னார்கள்.

"கொஞ்சம் சுணங்கிட்டன். சோறு இருக்கா?"

லீவில் வரும்போதெல்லாம் கலீல் படலையில் பையை வைத்துவிட்டுச் சொல்லுகிற வசனமும் அதுதான். ரிப்காவும் சொன்னாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, படலைச் சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து ஓடிவருகிற அந்தப் பழைய முகத்தோடு உம்மாவைப் பார்த்தாள்.

அந்த முகத்தைக் கண்டதும் பஸ்மியாவுக்குப் பயம் வந்தது. பதினான்கு மாதத்தில் அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

"அது நான் கட்டின கதை" என்றாள். மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. "பற்றரி இறங்கிப்போச்சு. கடைசியில என்ன நடந்ததெண்டு நான் பார்க்கல்ல. உங்கட முகத்தைப் பார்த்திட்டு, வந்தாரெண்டு சொன்னனான். ரஜீவன் தம்பி சொல்றதுதான் சரி. அவர் வரல்ல."

ரஜீவன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். ரிஷாத் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். யாரோ ஒருவர் பின்னால், அப்படியென்றால் அந்தப் பொடியனுக்கு அன்று அடித்த அடி அநியாயம்தானே என்று மெதுவாகச் சொன்னார்.

ரிப்கா எழும்பி நின்றாள். கோபத்தில் நின்றாளா, விளங்காமல் நின்றாளா என்று தெரியவில்லை.

"அப்ப வாப்பா?" என்று கேட்டாள்.

பஸ்மியா மைக்கைக் கீழே வைத்தாள். மேடையின் நான்கு படியையும் இறங்கி, மகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வாப்பா மௌத்தாகிட்டார் மகள். அங்கேயே அடக்கிட்டாங்க. அடக்கச் சொல்லி நான்தான் ஓம் எண்டனான். இனி வரமாட்டார்."

ரிப்கா அவளுடைய முகத்தைத் தேடிப் பார்த்தாள். பிறகு அந்தப் பிள்ளை உம்மாவின் தோளில் விழுந்து, சின்னப் பிள்ளைகள் அழுகிற மாதிரி, மானம் ரோசம் இல்லாமல், மண்டபமே கேட்க அழுதது. படத்தைப் போடட்டுமா என்று கேட்க வந்த பொடியனை ரிஷாத் கையைப் பிடித்து நிறுத்தினான். வலப்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக எழும்பி வந்தார்கள்.

பஸ்மியா மகளின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போதும் கண்ணீர் வரவில்லை. ஆனால் கலீல் செத்துப்போனார் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.