ரிப்பன் இல்லாவிட்டால் நேரே

அளவுக்காரர் மூன்று மாதமாக ஒரே ஒரு வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு அலைந்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "ரிப்பனை நான்தான் அவிழ்த்தேன்." அவ்வளவுதான் வாக்கியம். மூன்றே சொல். ஒரு மனிதனால் மூன்று மாதத்தில் மூன்று சொல்லைச் சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம்.

கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். ஐந்து கிராம் குறைந்தால் போதும், கடைக்காரன் காலில் விழுந்தாலும் விடமாட்டார். சொந்தத் தாய்மாமன் கடைத் தராசையே பூட்டி எடுத்து வந்தவர். அதனால் ஊர் முழுக்க அவருக்கு அளவுக்காரர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சைக்கிள் எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பும் ஒரு கூட்டத்தில் அவரும் ஒருவர். மொத்தம் எட்டுப் பேர். தங்களுக்குத் தாங்களே ஆமைகள் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். வேகம் என்பது அங்கே கெட்ட வார்த்தை. வியர்த்து விறுவிறுக்க வந்து சேருகிறவர்தான் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். ஆட்டு மந்தை வந்தால் மணியடிக்கக் கூடாது, கடைசி ஆடு போகும்வரை காலை ஊன்றி நிற்க வேண்டும். சோளக்காடுகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். மேடு வந்தால் வெட்கமில்லாமல் இறங்கித் தள்ளுவார்கள். பேச்சு, பாட்டு, பொய்க் கதை, பாதி வழியில் மரத்தடித் தூக்கம். வாரம் முழுக்கத் தராசு முள்ளையே முறைத்துப் பார்த்த கண்ணுக்கு அந்த நாலு மணி நேரம்தான் ஓய்வு.

கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் முன்னால் போய், பாதை பிரிகிற இடத்திலெல்லாம் திரும்ப வேண்டிய பக்கத்தில் ஒரு மஞ்சள் ரிப்பனைக் கட்டுவார். ரிப்பன் இருந்தால் அந்தப் பக்கம் திரும்பு, ரிப்பன் இல்லாவிட்டால் நேரே போ. இதுதான் ஆமைகளின் சட்டம். ஆளாளுக்கு ஒரு வேகத்தில் வந்தாலும் யாரும் வழி தப்ப மாட்டார்கள். எல்லோருக்கும் பின்னால் வருகிறவர் அந்த ரிப்பன்களை அவிழ்த்து, மடித்து, பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். நான்கு வருடமாக அந்தக் கடைசி ஆள் அளவுக்காரர்தான். வேறு யாரை நம்பி விடுவது?

அவருடைய தங்கச்சியை அவர்தான் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை அவளுக்கு. பதினான்கு வருடத்தில் ஒருவர் சீட்டு இன்னொருவர் குழாய்க்கு மாறியதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் கதையே வேறு. பால் பொங்கி வழியும், குடை பஸ்ஸில் போய்விடும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடுவாள். வீட்டில் அவளுக்கு மறதி மகாராணி என்று பட்டம். அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பின்னால் இப்படி வந்து விடியும் என்று யாருக்குத் தெரியும்!

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு ஆசை வந்தது.

"அண்ணா, இன்னைக்கு நான் கடைசியா வரேன். ரிப்பனெல்லாம் நானே அவுத்துட்டு வரேன், நீ முன்னாடி போ."

"நீயா? வீட்டுச் சாவியவே வாசல்ல வச்சுட்டு வந்தவ நீ."

"குடுத்துத்தான் பாரேன். ஒண்ணு குறைஞ்சாலும் என் காத அறுத்துக்கோ."

கொடுத்தார். முதல் மூன்று ரிப்பன்களை அவள் அவிழ்த்து மடித்து, ஒவ்வொரு முறையும் அண்ணனுக்குத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் பையில் போட்டாள். பிறகு ஒரு சரிவில் ஏதோ நீலப் பூ மண்டிக் கிடக்க, சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கினாள். "நீ போண்ணா, நான் மெதுவா வரேன்" என்றாள். அவர் போனார்.

நான்காவது பிரிவில் ரிப்பன் இடப்பக்கத்துக் கம்பத்தில் கட்டியிருந்தது. நேரே போகிற பாதை பழைய கல்குவாரிக்கு இறங்குவது. இரண்டு நாள் மழையில் அதன் ஒரு வளைவு சரிந்துபோயிருந்தது. அளவுக்காரர் கம்பத்தருகே வந்தார், காலை ஊன்றினார், ரிப்பனை அவிழ்த்தார், மடித்தார், சட்டைப் பையில் போட்டார், இடப்பக்கம் திரும்பினார். நான்கு வருடமாக அந்தக் கைக்கு அதுதான் பழக்கம். தான் வந்துவிட்டால் எல்லோரும் வந்தாயிற்று என்று அந்தக் கைக்குத் தெரியும். தங்கச்சி பின்னால் இருக்கிறாள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

இதுவரைக்கும் செய்தது தப்பு. தப்பு யாருக்கும் நடக்கும். இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மேட்டின்மேல் டீக்கடை. டீயை வாங்கிக்கொண்டு கைக்குட்டைக்காகப் பையில் கைவிட்டார். விரலில் ரிப்பன் தட்டியது. தங்கச்சி இன்னும் பின்னால்தான் இருக்கிறாள். அந்த மலையில் போனும் எடுக்காது. எழுந்தார். எதிரே பல் டாக்டரும் மற்றவர்களும் கூட்டத்தில் ஒருவரான தபால்காரரைக் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். போன மாதம் அவர் காற்றடிக்கும் பம்பை மறந்துவிட்டு வந்த கதை, இன்னும் ஓயவில்லை. அடுத்த வாரத்திலிருந்து இந்தக் கதைதான் ஓடும் என்று தோன்றியது. அளவுக்காரரே அளவு தப்பிவிட்டாராம்! உட்கார்ந்தார். அவளுக்கென்ன, இந்தப் பாதையில் இரண்டு முறை வந்தவள்தானே, தெரியாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டீ சூடாக இருந்தது. ஆற்றி ஆற்றிக் குடித்தார், பாவி மனிதர். இருபது நிமிடம்.

அவளுக்குச் சட்டம் தெரியும். ரிப்பன் இல்லை. நேரே போனாள்.

குவாரிப் பள்ளத்தில் அவள் உடலைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவள் பையில் மூன்று ரிப்பன்கள் மடிப்புக் கலையாமல் இருந்தன. பல் டாக்டர் கேட்டார்: "நாலாவது ரிப்பன் கம்பத்துல இருந்துச்சா? நான் என் கையால கட்டினேனே!" அளவுக்காரர் வாயிலிருந்து, அவரைக் கேட்காமலே, ஒரு பதில் வந்தது. "இருந்துச்சு டாக்டர். இப்பத் தேடி வர்றப்பதான் அவுத்தேன்."

அளவுக்காரர் சொன்னால் சொன்னதுதான். போலீஸ்காரர் அப்படியே எழுதிக்கொண்டார். ரிப்பனைக் கவனிக்காமல் போய்விட்டாள் என்று முடிந்தது. எப்பவும் அப்படித்தானே அவள் என்று வந்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

அவள் புருஷன் ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டுகிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கம்பளி விரித்த நீள மேசை, எண்ணெய்க் கிண்ணம், சுவரோரம் சாய்த்த கண்ணாடிகள். அந்த வேலையில் கவனம் ஒரு நொடி பிசகினால் விரல் போய்விடும். அவருக்குத் துக்கம் கோபமாக மாறிவிட்டது, அதுவும் செத்தவள் மேல். "ஒரு மஞ்சத் துணியப் பாக்கத் தெரியல. கண்ணுக்கு நேரா கட்டியிருக்கு. எங்க ரெண்டு பேரையும் நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டா" என்பார். ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் அளவுக்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவர்களுக்குப் பதினான்கு வயதில் ஒரு மகள். அவள் சைக்கிளை அப்பா விற்றுவிட்டார். அவளும் கேட்கவில்லை. தெருவைக் கடக்கும்போது நான்கு முறை இரண்டு பக்கமும் பார்க்க ஆரம்பித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, போய், திரும்பி வந்து, மறுபடி பார்த்தாள். ஒருநாள் அளவுக்காரர் இருக்கும்போதே அவள் கையிலிருந்து ஒரு டம்ளர் நழுவி உடைந்தது. "அப்படியே உங்கம்மா!" என்று மேசையிலிருந்து அப்பா கத்தினார். பெண் அழவில்லை. கைகள் இரண்டையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு, இனி எதையும் தொடவே மாட்டேன் என்பதுபோல நின்றாள்.

அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. செத்தவள் பெயர் மட்டும் கெடவில்லை, இருக்கிறவளும் அதைச் சுமக்கிறாள். சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை அடித்தாலும் சரி, ஜெயிலுக்குப் போனாலும் சரி.

முதலில் பல் டாக்டரிடம் போய்ச் சொன்னார். கட்டின கை அவருடையது, அவருக்குத் தெரியட்டும் என்று. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் தோளைப் பிடித்தார்.

"சரியாத் தூங்குறீங்களா நீங்க?"

"டாக்டர், நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுது, விழுது. என் அண்ணன் போனப்ப நானும் இப்படித்தான் பெனாத்தினேன். என்னாலதான், என்னாலதான்னு. கொஞ்ச நாள்ல சரியாயிடும். மாத்திரை எழுதித் தரட்டுமா?"

சனிக்கிழமை மத்தியானம் தங்கச்சி வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை மேசையில் ஒரு கண்ணாடியைக் கோடு போட்டு வைத்திருந்தார். அவரைக் கண்டதும் கட்டரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த உபசாரமே அளவுக்காரரைக் கொன்றது.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"டாக்டர் போன் பண்ணார் மச்சான். எல்லாம் சொன்னார். உக்காருங்க."

"அவர் என்ன சொன்னாரோ தெரியாது. நான் சொல்றதக் கேளுங்க." எல்லாவற்றையும் சொன்னார். கம்பம், கை, பை, டீ, இருபது நிமிடம். கேலி செய்வார்களே என்று எழுந்தவர் உட்கார்ந்ததைக்கூட விடவில்லை. "அவ மேல ஒரு தப்பும் இல்ல. சட்டப்படிதான் போனா. கொன்னது நான்."

மாப்பிள்ளை கண்ணாடியின் கோட்டைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு அவர் கண் கலங்கியது.

"அப்ப அன்னைக்கு ஏன் ரிப்பன் இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"பயம்."

"யாரு, நீங்களா? அஞ்சு கிராமுக்காக சொந்த மாமன் தராசத் தூக்கிட்டு வந்தவரு நீங்க. நீங்க வாழ்க்கையில பொய் சொல்லியிருந்தா, அது இப்ப சொல்றீங்களே, இதுதான். அதுவும் சரியாச் சொல்லத் தெரியல, கை கால் உதறுது பாருங்க."

"மாப்பிள்ளை, அவ பையில மூணு ரிப்பன் இருந்துச்சே! ஒழுங்கா மடிச்சு! அவளா நாலாவத விட்டிருப்பா?"

"மூணு எடுத்தா, நாலாவத விட்டா. அதுதான் மச்சான் அவ." எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து ஒருநாளும் தொட்டுப் பேசாத மனிதர். "செத்தவளுக்காக உங்க பேரையே கெடுத்துக்க வந்தீங்களே. எனக்குக் கூடப் பிறந்தவன் இருந்தாலும் இப்படி வரமாட்டான். இத்தோட விட்டுருங்க. என்னால முடியல."

அவர் தோளில் முகம் புதைத்து மாப்பிள்ளை அழ, அளவுக்காரர் மரம்போல நின்றார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். திட்டியிருந்தால் கேட்டிருப்பார். நன்றியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்?

வெளியே வந்தபோது மருமகள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவருக்குக் கடைசியாக ஒரு நம்பிக்கை வந்தது. பிள்ளைகளுக்குப் பொய் எது, நிஜம் எது என்று தெரியும் என்பார்களே. பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணு, நீயாவது நம்பு. மாமா சொன்னது அத்தனையும் நெஜம்."

"எனக்காகத்தானே மாமா சொன்னீங்க? அன்னைக்கு டம்ளர் உடைஞ்சதுக்கு அப்பா கத்தினாரே, அதுக்காக."

"உனக்காகச் சொன்னேன். ஆனா பொய் இல்ல. நான்தான் அவுத்தேன்."

அவள் பெரிய மனுஷி மாதிரி அவர் கையை எடுத்துத் தட்டிக் கொடுத்தாள்.

"சரி மாமா, அழாதீங்க. முதல்ல எனக்கும் அம்மா மேல கோவம் கோவமா வந்துச்சு. போட்டோ பக்கம்கூடத் திரும்ப மாட்டேன். என்னை நினைச்சிருந்தா அவங்க கொஞ்சம் பாத்துப் போயிருக்கலாம்ல? தினமும் ராத்திரி அவங்களோட மனசுக்குள்ள சண்டை போட்டேன். போன வாரம்தான் சண்டை முடிஞ்சுது. அவங்க தெரிஞ்சு செய்யலையே, பாவம். அம்மாவ நான் மன்னிச்சுட்டேன் மாமா."

அளவுக்காரர் வாயைத் திறந்தார். அந்த மூன்று சொல்லும் இன்னும் அங்கேயேதான் இருந்தன. அவள் முகத்தைப் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல்முறையாக அந்த முகம் தெளிந்திருந்தது. "நல்லது கண்ணு" என்றார்.