பிஸ்கட் டின்னில் முப்பத்தெட்டு அட்டைகள்

மருதப்பனை நகரமன்றத்துக்கு அனுப்பியது யார் என்று கேட்டால் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் பாதிப்பேர் தங்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்கள். அப்துல் கஃபார் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். சிராங்கூன் சாலையில் கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர் அவர்.

மாடு கறந்துகொண்டிருந்த மருதப்பன் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய ஆளானார். அவர் தலையசைக்காமல் தேக்காவில் ஓர் அப்பக்கடைகூட வைக்க முடியாது என்றானது. 1957 தேர்தலுக்கு முந்தின வாரம் கஃபாரிடம் வந்தார்.

"எதிர்க்கட்சி ஆளுங்க ஐசி எல்லாம் தேர்தல் முடியிற வரைக்கும் நம்மகிட்ட இருக்கட்டும் பாய். புதுசு மாத்தித் தர்றோம்னு சொல்லுங்க. உங்கள நம்பித் தருவாங்க."

மறுத்தால் அஞ்சடி இடம் போய்விடும். கஃபார் வீடுவீடாகப் போனார். முப்பத்தெட்டு அடையாள அட்டைகள் பிஸ்கட் டின்னில் சேர்ந்தன. அட்டை இல்லாதவர்கள் ஓட்டுப்போடப் போகவில்லை. மருதப்பன் கழுத்து கொள்ளாத மாலையோடு ஊர்வலம் போனார்.

அதே வாரம் துறைமுகத் தொழிலாளி அழகப்பனைப் போலீஸ் வழிமறித்தது. கையில் அட்டை இல்லை; அது கஃபாரின் டின்னில் இருந்தது. மூன்று நாள் உள்ளே இருந்தார், வேலையும் போயிற்று. அது தெரிந்த நாளிலிருந்து கஃபாருக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு வருடத்தில் ஆட்சி மாறி, விசாரணை வந்தது. கஃபார் சாட்சி சொன்னார். அட்டைகளை வாங்கியது மருதப்பனின் ஆட்கள் என்றார்; தன் பெயரைச் சொல்லவில்லை. மருதப்பன் சிறைக்குப் போனார். மாலை போட்டவர்கள் அவரைத் தெரியாது என்றார்கள். கஃபாரும் ஏமாந்தவர்தான் என்று நினைத்து அவரை மட்டும் எல்லாரும் நல்ல மனுஷன் என்றார்கள். அதைக் கேட்கக் கேட்க அவருக்கு உடம்பு கூசியது.

ஒரு காலையில் அழகப்பனின் மனைவி பாக்கியலட்சுமி வந்தாள். கணவனுக்குப் பழைய வேலையைக் கேட்டு மனு வேண்டும். கஃபார் தட்டச்சு செய்து, தமிழில் படித்துக் காட்டினார். அட்டையைப் பிடுங்கியவர் மருதப்பன் என்று அதில் இருந்தது.

"உங்க பேரு எங்க பாய்?" என்றாள் அவள். "எங்க வீட்டு வாசல்ல நின்னு வாங்குனது நீங்கதானே."

கஃபார் தாளிலிருந்து தலை நிமிர்ந்தார். "தெரிஞ்சும் எங்கிட்ட ஏம்மா வந்தே?"

"எழுதத் தெரிஞ்சவரு நீங்கதானே பாய். வேற எங்க போவேன்?"

அவர் அந்தத் தாளை உருவிக் கிழித்தார். புதுத் தாளைச் செருகித் தன் பெயரையும் தட்டினார்.

"இப்ப படிங்க. சத்தமா," என்றாள் பாக்கியலட்சுமி.

மற்ற மனுக்காரர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். கஃபார் படித்தார்.