சக்கரம் தரையில் இருக்கும்போது

பள்ளி விட இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது. பள்ளிப் பேருந்து பட்டறைக்குள் நின்றது. முன்சக்கரங்கள் இரண்டும் ஜாக்கியின் தயவில் அந்தரத்தில் தொங்கின. அடியிலிருந்து செருப்பில்லாத இரண்டு கால்களும் ஒரு பெரிய வயிற்றின் பாதியும் மட்டும் வெளியே தெரிந்தன.

“திருப்புங்க மாப்பிள்ளை.”

ஓட்டுநர் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒரு விரல் அளவு திருப்பினான். பிறகு வலப்பக்கம்.

“சக்கரம் உடனே கேக்குது. ஆட்டம் வண்டியில இல்ல, உங்க மனசுல இருக்கு.”

“மலை இறங்கும்போது நாலு விரல் திருப்பினாத்தான் கேக்குது மச்சான். முந்தாநேத்து மூணாவது வளைவுல சுவரை உரசப் பார்த்துச்சு. உள்ள நாப்பத்திரண்டு பிள்ளைங்க.”

வயிறு மெல்ல வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து மெக்கானிக் வந்தார். அந்தத் தெருவில் அவரைப் பீப்பாய் என்றால்தான் தெரியும். ஓட்டுநரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். போன வாரம் ஸ்டீயரிங் பெட்டியின் தலையிலிருக்கும் திருகை இறுக்கிவிட்டு, “இனி கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்” என்று பேருந்து முதலாளியிடம் சொன்னவர் அவர்தான்.

“இன்னும் கால் சுற்று முறுக்கிடறேன்.”

“வேண்டாம். நீங்க முறுக்கினதுலேர்ந்து வளைவு முடிஞ்சா ஸ்டீயரிங் தானா நேரா வர மாட்டேங்குது. நான் இழுத்து நேராக்கறேன்.”

“ஓஹோ. லூஸும் நான்தான், டைட்டும் நான்தான். நல்ல நியாயம்!”

ஓட்டுநர் மணியைப் பார்த்தான். முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்: நாலு மணிக்கு இவன் வண்டியை எடுக்காவிட்டால் கூலிங்கிளாஸ் எடுப்பான், அதன்பிறகு இவன் வேலைக்கு வரவே வேண்டாம். கூலிங்கிளாஸ் என்பது இன்னொரு ஓட்டுநர். மழையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஆள்.

மதியம் வீட்டுக்கு வராத கணவனைத் தேடிவந்த மனைவி வாசலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன் ஏழு வருஷம் இதே பட்டறையில் அண்ணனுக்கு டார்ச் பிடித்தவள்.

“அண்ணே, மலையில இந்த வண்டி சக்கரத்தைத் தூக்கிக்கிட்டா போகுது?”

இருவரும் திரும்பினார்கள்.

“முன்னெல்லாம் நீ தரையில நிறுத்தித்தானே பார்ப்ப? இப்ப மட்டும் ஏன் தூக்கற?”

அண்ணனின் கை தானாக வயிற்றின்மேல் போனது. அவளுக்குப் புரிந்துவிட்டது. தூக்கினால்தான் அவரால் அடியில் போக முடியும். இரண்டு வருஷமாக வந்த வண்டிகளையெல்லாம் அவர் அப்படித்தான் பார்த்திருக்கிறார்.

“இறக்கு. நான் போறேன்.”

“உனக்கென்ன பைத்தியமா?” என்றான் கணவன்.

“நீங்க மேல இருந்து திருப்பணும். அண்ணன் நுழைய முடியாது. வேற யாரு இருக்கா?”

ஜாக்கி இறங்கியது. பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்கள். அவள் முடியை இறுக்கி முடிந்துகொண்டு மல்லாந்து உள்ளே நகர்ந்தாள். கண் பழகும்வரை ஒரே இருட்டு. அண்ணன் டார்ச் எடுக்க உள்ளறைக்குப் போனார். அந்த நேரம் முதலாளியின் போன் வந்தது. ஓட்டுநர் அதை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி வாசலுக்கு இறங்கினான்.

முதலாளி ஏற்கெனவே அனுப்பியிருந்த கூலிங்கிளாஸ் பக்கத்துச் சந்து வழியாக வந்தான். காலியான இருக்கையையும் சாவியையும் பார்த்தான். ஏறி உட்கார்ந்து முடுக்கி, ஸ்டீயரிங்கைத் திருப்பினான்.

அவள் தலைக்கு மேல் இன்ஜின் உறுமியது. காதுக்கு ஒரு சாண் தள்ளி டயர் தரையை அரைத்துக்கொண்டு திரும்பியது. உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். யாரோ ஓடிவந்து பேருந்தின் தகரத்தில் அறைகிற சத்தம் கேட்டது.

“டேய், அடியில என் பொண்டாட்டி இருக்கா!”

இந்தச் சமயத்தில்தான் அவள் பார்த்தாள். ஸ்டீயரிங் திரும்பியதும் முதலில் அசைந்தது சக்கரம் இல்லை, ஸ்டீயரிங் பெட்டி. முழுப் பெட்டியும் வண்டியின் அடிச்சட்டத்தை விட்டு ஒரு பக்கம் சாய்ந்து, அதன்பிறகுதான் டயரைத் தள்ளியது. பெட்டியின் மேல் போல்ட்டை ஒட்டி ஒரு கோடு பிளந்து, வெளிச்சம் காட்டி, மறுபடி மூடிக்கொண்டது.

மேலே சாவியைத் திருகப் போகிறார்கள் என்று தெரிந்தது. அவள் கத்தினாள்.

“அணைக்காதீங்க! வலது பக்கம் இன்னொரு தடவை திருப்புங்க!”

யாரும் அசையவில்லை.

“மெதுவா திருப்புங்கன்னு சொல்றேன்ல!”

ஸ்டீயரிங் திரும்பியது. கோடு மறுபடி வாயைத் திறந்தது.

இன்ஜின் நின்றபோது அண்ணன் தரையில் குப்புறப் படுத்திருந்தார். “போல்ட்டு லூஸா பாப்பா?”

“போல்ட்டு கெட்டியாத்தான் இருக்கு. அது பிடிச்சிருக்கிற சட்டம் கிழிஞ்சிருக்கு.”

“சும்மா சொல்லாத. கிரீஸ் கோடா இருக்கும்.”

“கையைக் குடு.”

அவர் தோள்வரை கையை உள்ளே நீட்டினார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுபோய் விரலை அந்த இடத்தில் வைத்தாள். விரல் மேலே போனது, கீழே வந்தது, நகம் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. அவர் கையை மெல்ல வெளியே இழுத்தார்.

எழுந்ததும் மாப்பிள்ளையின் கையிலிருந்த போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். முதலாளி இன்னும் இணைப்பில்தான் இருந்தார்.

“வண்டி வராதுங்க. ஸ்டீயரிங் பெட்டி சட்டத்திலேர்ந்து பிய்யப் போகுது.”

“சரி பண்ணிட்டேன்னு போன வாரம் சொன்னது யாரு?”

“நான்தான். சக்கரத்தைத் தூக்கி வெச்சுப் பார்த்தேன். தூக்கினா பாரம் இருக்காது, விரிசல் திறக்காது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும், குனிய முடியலைன்னு தூக்கினேன். மாப்பிள்ளை சொன்னது சரி.”

“பிள்ளைங்களை யாரு இறக்கறது?”

“ரெண்டு வேன் அனுப்புங்க.”

“கூலிங்கிளாஸ் ஒண்ணு எடுக்கட்டும். இன்னொண்ணுக்கு ஆள் பார்க்கறேன்.”

கூலிங்கிளாஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். வெகுநேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்:

“ஆள் இங்கேயே இருக்காரு முதலாளி. அவர் எடுக்கலைன்னா நானும் எடுக்கல. இவங்க நிறுத்தியிருக்கலைன்னா அஞ்சு நிமிஷத்துல நான் இதை ஓட்டிக்கிட்டு மலைக்குப் போயிருப்பேன்.”

“சரி, சரி. ரெண்டு வேனையும் அனுப்பறேன்” என்றதோடு போன் அணைந்தது.

வேன்கள் வந்து நின்றபோதும் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கணவன் பக்கத்தில் குந்தி அவள் கன்னத்துக் கிரீஸைத் துடைக்கப் போய், இன்னும் பெரிதாக ஈஷினான்.

“வேன் வந்துடுச்சு, போங்க” என்றாள் அவள். “இதையும் முதல்ல தரையில நிறுத்தித் திருப்பிப் பாருங்க.”