தீவுக்குக் கட்டிய பை

மகள் ஜிப்பைத் திறந்ததும் பையிலிருந்து முதலில் வெளியே வந்தது ஓலைத் தொப்பி. அமுக்கி வைத்திருந்த தொப்பி, விட்டால் போதும் என்று துள்ளி, கட்டிலில் அம்மாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊசியும் கையுமாக நின்ற நர்ஸ் அதைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியும் பார்த்தாள்.

"டம்ளர், ஸ்பூன், துண்டு, ஒரு மாத்துத் துணி. இவ்வளவுதாங்க கேட்டேன்," என்றாள் நர்ஸ்.

"இருங்க, இருக்கும்."

கையை உள்ளே விட்டுத் துழாவினாள். வெயிலுக்குப் பூசும் கிரீம் வந்தது. கறுப்புக் கண்ணாடி வந்தது. ரப்பர் செருப்பு, செல்போனில் தண்ணீர் புகாமலிருக்க ஓர் உறை, மீன் படம் போட்ட பெரிய துண்டு. அடியில் ஒரு கவுன், கடைக்காரன் மடித்த மடிப்பு கலையாமல், விலைச்சீட்டோடு. நோயாளிக்கு ஆகக்கூடிய பொருள் என்று துண்டைத் தவிர எதுவும் இல்லை.

"எங்கம்மா கிளம்பினீங்க?" என்று மெல்லக் கேட்டாள் பக்கத்துக் கட்டில்காரி.

"ஒரு தீவுக்கு. கடற்கரைக்கு. சாயங்காலம் ஃப்ளைட்."

அவள் தன் டம்ளரைக் கழுவி, ஸ்பூனை அதற்குள் போட்டு நீட்டினாள். மகள் வாங்கிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. இந்த உலகத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து டம்ளர் கடன் வாங்கக் கூடாத குடும்பம் ஒன்று உண்டென்றால் அது அவர்களுடைய குடும்பம்தான்.

ஏனென்றால் அம்மா தன் வாழ்நாளில் கட்டிய பையெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கட்டியதுதான். மகளைப் பெற்றெடுக்க ஒரு பை. மாமியாரின் கண் ஆபரேஷனுக்கு ஒரு பை. அப்பாவின் சிறுநீரகம் மக்கர் பண்ணத் தொடங்கிய பிறகு பையைப் பிரிப்பதே நின்றுபோயிற்று. அது எந்நேரமும் கதவோரத்தில் தயாராக இருக்கும். அந்தத் தெருவில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், யாருக்கு இடுப்பு வலி எடுத்தாலும், டாக்டருக்கு முன்னால் அம்மாவுக்குத்தான் ஆள் வரும். 'பை அக்கா' என்றே பெயர். தலையணை உறை தைக்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலும், வேலை முடிந்து வந்த களைப்போடு, முகம் சுளிக்காமல் போய் அடுத்தவர் பையையும் கட்டிக் கொடுத்துவிட்டு வருவாள்.

மகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கறுப்புக் கண்ணாடி வாங்க வருகிறவர்களெல்லாம் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டே கடல், மணல் என்று பேசிப் பேசி, கடைசியில் அவளையும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. டெட்டால் வாசனை வராத ஓர் இடத்துக்கு அம்மாவை ஒரே ஒருமுறை கூட்டிப்போக வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

"உனக்கு ஆசையா இருந்தா போலாம்," என்றாள் அம்மா.

எதைக் கேட்டாலும் அம்மாவின் பதில் அதுதான். சுவருக்கு வர்ணம் அடிக்கலாமா, டிவியை மாற்றலாமா, எல்லாவற்றுக்கும் உனக்கு ஆசையா இருந்தா. அதற்குள் அவளுடைய ஆசை எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று கடைசிவரை அப்பாவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

சரி, உன் சாமான்களை எடுத்து வை என்று சொல்லிவிட்டுப் போன மகள், போன வாரம் வேலையிலிருந்து திரும்பியபோது பை கட்டி முடிந்திருந்தது. பிளாஸ்க், டம்ளர், ஸ்பூன், பழைய போர்வை, சின்னத் தொட்டி, சோப்பு, டார்ச், கிழிந்த துணிகளின் ஒரு மூட்டை. மகளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அழுகையைக் கோபமாக மாற்றிக்கொள்வது அவளுக்குக் கைவந்த கலை.

"அம்மா, நாம ஆஸ்பத்திரிக்குப் போகல. தீவுக்குப் போறோம்."

"தீவுல தண்ணி குடிக்க மாட்டாங்களா?"

"அங்க எல்லாம் குடுப்பாங்கம்மா."

"டம்ளர் குடுப்பாங்க. கழுவியிருப்பாங்களா?"

மகள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள். போட்ட இடத்தில் தொப்பியும் கண்ணாடியும் துண்டும் ஏறின. கடைசியாக, நீலத்தில் பெரிய பெரிய வெள்ளைப் பூ போட்ட கவுனை வைத்தாள். கையில்லாத கவுன். கணுக்காலுக்கும் கீழே இறங்கும்.

"இந்த வயசுல இதப் போட்டுக்கிட்டு நின்னா காக்கா கூடச் சிரிக்கும்."

"அங்க நம்மள யாருக்கும் தெரியாதும்மா."

"காக்காவுக்குத் தெரியும்," என்ற அம்மா சற்று நேரம் பையையே பார்த்தாள். "ஸ்பூனாவது இருக்கட்டுமே."

"ஒண்ணும் வேணாம்."

அம்மா ஸ்பூனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

இன்று காலை, டாக்ஸி வர இன்னும் நேரம் இருக்கும்போதே செருப்பு மாட்டக் குனிந்த அம்மா நிமிரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. சின்ன வயதிலிருந்து பழகிய மகளின் கை, யோசிக்காமல், கதவோரம் இருந்த பையைத் தூக்கிக்கொண்டது. அந்த வீட்டில் கதவோரம் இருப்பது ஆஸ்பத்திரிப் பை. அது வேறு பை என்ற நினைவே மகளுக்கு ஜிப்பைத் திறக்கும்வரை வரவில்லை.

"தண்ணி குடிக்கக் குடுக்காதீங்க. உதடு காஞ்சா ஸ்பூன்ல நனைச்சு விடுங்க," என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மகள் கடன் வாங்கிய ஸ்பூனால் அம்மாவின் உதட்டை நனைத்தாள். அம்மா அந்த ஸ்பூனைப் பார்த்தாள். பிறகு ஒரு விரலைத் தூக்கிப் பையைக் காட்டினாள்.

"தெரியும்மா. நீ எடுத்து வெச்சதை நான்தான் தூக்கிப் போட்டேன். சொல்லிக் காட்டாத."

அம்மா இல்லை என்பதுபோல் தலையை அசைத்தாள். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. கால் சில்லென்றிருந்தது. மகள் மீன் துண்டை விரித்து இடுப்புவரை போர்த்தினாள். இன்னும் ஏதாவது கதகதப்பாகக் கிடைக்குமா என்று கவுனில் கை வைத்தபோதுதான் அம்மாவின் குரல் வந்தது.

"அத எடுக்காத. கசங்கிடும்."

இந்த நிலைமையிலும் அதைப் போட்டுக்கொள்ள மாட்டாளாம். மகள் கவுனை அப்படியே உள்ளே தள்ளினாள். அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் ஒரு துளியும் ஆசை இருந்திருக்காதோ? மகள் மனசு நோகக் கூடாதென்று, வேண்டாம் என்ற ஒரு வார்த்தையை விழுங்கிக்கொண்டு, விழுங்கிய பாரத்திலேயே இப்படி விழுந்துவிட்டாளோ? கேட்டுவிடலாம் என்று குனிந்தாள்.

"அம்மா, உனக்கு வரணும்னு இருந்துச்சா, இல்ல எனக்காகவா?"

அம்மா கண்ணைத் திறந்தாள். அதற்குள் டாக்டர் வந்து மகளை ஒதுங்கி நிற்கச் சொன்னார்.

சற்று நேரத்தில் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை, பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. ஊரையே அதட்டிப் பழகிய குரல். கட்டிலையும் தொப்பியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"வீட்டுல நிம்மதியா இருந்தவள, கடல் கடல்னு உயிர வாங்கிட்டியே. ஒரு வாரமா என்ன பாடு பட்டாளோ. அவளுக்கு எங்கடி ஆசை அதெல்லாம்?"

மகள் நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் சித்தி சத்தமாகச் சொன்னாள். மகள் தொப்பியை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

மதியச் சாப்பாட்டு வண்டி கடகடவென்று வார்டுக்குள் வந்துகொண்டிருந்தபோது அம்மா போய்விட்டாள். டாக்டர் மணியைப் பார்த்தார். நர்ஸ் திரையை இழுத்து விட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ கூடக் கொஞ்சம் சோறு கேட்டார்கள். மகளுக்கு அழுகை உடனே வரவில்லை. அம்மாவின் உதடு காய்ந்திருக்கிறதா என்றுதான் பார்த்தாள். காய்ந்திருந்தது. ஸ்பூனை எடுத்து இன்னொரு தரம் நனைத்தாள். அதற்கப்புறம்தான் உடைந்து அழுதாள்.

உடம்பைத் துடைத்து முடித்த நர்ஸ், "வேற துணி போடணும்ங்க. இது நனைஞ்சிருக்கு. இப்பக் கீழ கொண்டு போயிடுவாங்க," என்றாள்.

"ஒரு நிமிஷம் பொறுங்க, வீட்டுக்கு ஓடிப் போய் நல்ல புடவையா எடுத்துட்டு வந்துர்றேன்," என்றாள் சித்தி.

"அவ்வளவு நேரம் வைக்க முடியாதுங்கம்மா. பையில எதுவும் இல்லையா?"

இருந்தது. மகள் கவுனை எடுத்தாள்.

"அதையா? போற இடத்துல நாலு பேர் சிரிக்கவா?" என்றாள் சித்தி.

விலைச்சீட்டைக் கழற்றப் போன மகளின் விரலில் ஊசி குத்தியது. கடைக்காரன் சீட்டைப் பிளாஸ்டிக் நூலில்தான் கோத்திருந்தான். இப்போது அது ஊக்கில் மாட்டியிருந்தது. மகள் கவுனை உதறி விரித்தாள்.

கவுனுக்குக் கை இருந்தது. முழங்கைவரை, அளவெடுத்ததுபோல் இரண்டு கை. கீழே நீளம் குறைந்திருந்தது. அங்கே வெட்டிய துணிதான் மேலே ஏறியிருந்தது. இடுப்பின் இரண்டு பக்கமும் பிரித்து அகலப்படுத்தியிருந்தாள் அம்மா. வலப்பக்கம், பூவோடு பூ பொருந்தித் தைத்திருந்ததால் தடவினால்தான் தெரியும்படி, ஒரு பாக்கெட். தான் உடுத்தும் எதிலும் பாக்கெட் இல்லாமல் அம்மா வெளியே கிளம்பியதில்லை. மகள் கடைக்குப் போன பகல்களில் உட்கார்ந்து இதைத் தைத்து, உடுத்திப் பார்த்து, எங்கே பிடிக்கிறது என்று பார்த்து மறுபடி பிரித்துத் தைத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, சீட்டையும் மாட்டி வைத்திருக்கிறாள். அங்கே போய் இறங்கிய பிறகு காட்டலாம் என்று.

மகள் கவுனைச் சித்தியிடம் நீட்டினாள். சித்தி கைத் தையலை விரலால் நீவினாள். உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எத்தன தடவ போட்டுப் பாத்திருக்கா, கள்ளி," என்றாள். அதட்டும் குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "அந்தக் கையப் பிடி. மெல்ல."

இரண்டு பேரும் சேர்ந்து உடுத்தினார்கள். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. சித்தி மடிப்பை நீவிவிட்டபோது பாக்கெட்டில் ஏதோ தட்டுப்பட்டது. பொத்தானைக் கழற்றி விரலை விட்டாள். சுத்தமான கைக்குட்டையில் சுற்றிய ஒரு ஸ்பூன். காம்பு லேசாக வளைந்த, வீட்டு ஸ்பூன்.

"இது வேணுங்களா, எடுத்துடலாமா?" என்று கேட்டாள் நர்ஸ்.

மகள் அதை வாங்கிச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு கைக்குட்டையில் முன்போலவே சுற்றி, பாக்கெட்டுக்குள் போட்டு, பொத்தானை மாட்டினாள். சித்தி தடுக்கவில்லை.

கீழே கொண்டுபோக ஆட்கள் வந்தார்கள். மகள் பக்கத்துக் கட்டில்காரியின் டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு வார்டின் கோடியில் இருந்த குழாய்க்குப் போனாள். சோப்பு போட்டுத் தேய்த்தாள். அலசினாள். மறுபடியும் அலசினாள். திரும்பி வந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"நல்லாக் கழுவிட்டேங்க," என்றாள்.