கயிற்றுக்கு இந்தப் பக்கம்

மூன்றாவது முறையாக எழுந்துபோய் சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்தார் கிஸ்லேன். மழை இல்லை. எதிர்வீட்டுக் கூரையில் ஓடு ஏதாவது நகர்ந்திருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அதுவும் இல்லை. இருந்திருந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

“உக்காரேன். நிம்மதியா ஒரு ஊரைச் சுத்திப் பாக்கத்தான் பிளான் போடறோம். போருக்கா போறோம்?” என்றாள் மனைவி லிலியான். மேசையில் காபிக் குடுவை, செர்ரிப்பழம் வைத்துச் சுட்ட தார்ட்டில் மிச்சமிருந்த கால்பங்கு, மகன் வாங்கிக்கொடுத்த பழைய டேப்லெட். அதில் புரூஜ் நகரத்துக் கால்வாய் ஒன்று, அன்னப்பறவைகளோடு, அசையாமல் கிடந்தது.

நாற்பது வருடம் கூரை வேய்ந்த மனிதருக்கு உட்காருவது என்பது வேலை கெட்டுப்போனதற்கு அடையாளம். முட்டி தேய்ந்து ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. புரூஜை அவர் பார்த்ததே இல்லை. பெல்ஜியத்தில், அவருடைய ஊரான ஹாசெல்ட்டில் பிறந்த எந்தப் பிள்ளையும் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போய்ப் படகில் வாந்தி எடுத்துவிட்டு வந்திருக்கும். கிஸ்லேனை மட்டும் அன்றைக்கு அவர் அப்பா ஒரு மாதாகோவில் கூரைக்கு ஏற்றிவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு, ஜூலையில் கட்டட வேலைக்காரர்கள் எல்லோருக்கும் ஒன்றாக விடுகிற விடுமுறையில், ஊரோடு சேர்ந்து ஸ்பெயினுக்குப் போனார்கள். “ஜப்பான்காரன் எல்லாம் பாத்துட்டான். ரெண்டு மணி நேர ரயில், நாம பாக்கல” என்று லிலியான் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது அது வேடிக்கைப் பேச்சு. யோரன் அந்த ஊருக்கே குடிபோன பிறகு அவள் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

யோரன் அவர்களுடைய ஒரே மகன். அப்பாவோடு கூரை ஏறியவன். வேனின் இரண்டு பக்கமும் ‘வ்ராங்கென் அண்ட் சன்’ என்று குடும்பப் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லோட்டெ என்கிற மேற்கு ஃபிளாண்டர்ஸ் பெண்ணைக் கட்டிக்கொண்டு புரூஜில் தச்சு வேலைக்குப் போகிறேன் என்றான். கிஸ்லேன் மறுநாள் காலை வாசலில் வேனை நிறுத்தி, அந்த ‘அண்ட் சன்’ மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்தார், தெரு முழுக்கப் பார்க்க. யோரன் பெட்டியோடு வெளியே வந்தபோது பெயின்ட் இன்னும் காயவில்லை. அதோடு சரி.

இப்போது யோரனுக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான். ஃபோன்ஸ் என்று பெயர். கிழவன் பெயர்தான், ஆனால் அதுதான் இப்போது நாகரிகமாம். பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சர்க்கரை பூசிய பாதாம் பொட்டலம் கொடுப்பார்கள். கிஸ்லேனின் தங்கை மாரியெட் போய்ப் பார்த்துவிட்டு, போன வாரம் அதில் ஒன்றைக் கொண்டுவந்து இதே மேசையில் வைத்தாள்.

“ஞானத்தகப்பன் யாருன்னு இன்னும் முடிவு பண்ணல அண்ணே. மூத்த பிள்ளைக்கு அப்பாவோட அப்பாதானே வழக்கம். இடத்தைக் காலியாத்தான் வச்சிருக்காங்க. ஆனா அவரே கேட்டு வரட்டும்கறான் யோரன்.”

“கூப்பிடாத வீட்டுக்கு நான் போக மாட்டேன்.”

“ஜூன்ல ஞானஸ்நானம். அதுக்குள்ள நீ வரலன்னா லோட்டெயோட தம்பியை நிறுத்திடுவாங்க. பச்சைப் பையன், பாட்டு கீட்டுன்னு அலையறான்.”

கிஸ்லேன் பாதாமை ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்று தீர்த்தார். சொந்த மகன் வீடானாலும் கேட்காமல் மணி அடிக்கக் கூடாது என்பது இந்த ஊர்களில் எழுதாத சட்டம். பிள்ளை பெற்றவர்கள் நாள் குறிக்க வேண்டும், வருகிறவர்கள் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். அந்த மரியாதையிலேயே பிள்ளைக்குப் பல் முளைத்துவிடும் போலிருந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, “புரூஜ் போலாமா? சும்மா, ஊரைப் பாக்க” என்று அவரே கேட்டபோது லிலியானுக்குக் காபி புரையேறியது. மகன் பெயரை அவர் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. எடுத்தால் கலைந்துவிடும் என்று பயந்தாள்.

“மே மாசம் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை போலாம்” என்றாள் இப்போது. “கூட்டமே இருக்காது. மெதுவாப் போயி, படகுல ஒரு சுத்து, ஒரு கிண்ணம் மஸ்ஸல் சிப்பி, அப்புறம் தண்ணிய பாத்துட்டு ஒரு பெஞ்சு. உன் முட்டிக்கும் நல்லது.”

“வியாழக்கிழமை போவோம். விண்ணேற்றத் திருநாள் அன்னிக்கு.”

அவள் கையில் இருந்த கரண்டி நின்றது. “அன்னிக்கா? அன்னிக்குத்தான் அங்க பைபிள் கதைக்கு வேஷம் கட்டி நடந்து போற பெரிய பவனி. தெருவெல்லாம் கயிறு கட்டி, உலகமே நிக்கும். கால் வைக்க இடம் இருக்காது. சும்மா ஊரைப் பாக்கன்னு நீதானே சொன்ன?”

“பவனியும் பாத்த மாதிரி இருக்குமே.”

“கோவிலுக்குள்ள போனாலே கூரையத்தான் பாப்ப. உனக்கு எதுக்கு பவனி?”

அவர் மறுபடி எழுந்தார். பிரிட்ஜைத் திறந்தார், மூடினார். குழாய் சொட்டுகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். லிலியான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாரியெட் அன்றைக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தாள். லோட்டெயின் குடும்பம் வருடா வருடம் பவனியில் இடையர்களாக, ஆடுகளோடு நடந்துவருமாம். இந்த வருடம் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நடப்பார்களாம்.

“கிஸ்லேன், பேரனைக் கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கப் போறியா? டூரிஸ்ட் மாதிரி? அவன் நம்மள கடந்து போவான், நாம கைதட்டிட்டு ரயில் ஏறணுமா?”

“பின்னாடி நின்னுக்கலாம். யாருக்கும் தெரியாது.”

சொன்ன பிறகுதான் அது எப்படி இருக்கிறது என்று அவருக்கே கேட்டது. காது மடல் சுட்டது. அறுபத்தாறு வயது ஆள், பனியில் வழுக்கும் கோபுரக் கூரைகளில் கயிறு கட்டாமல் நடந்தவர், ஒரு பச்சைக் குழந்தையைப் பார்க்கக் கூட்டத்தில் ஒளிய இடம் தேடுகிறார். வெட்கமாக இருந்தது. கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம் அதைவிடப் பெரியதாக இருந்தது. அந்த வெள்ளைப் பெயின்டை அடித்தது யார், யோரனா?

லிலியான் தார்ட்டை வெட்டித் தட்டில் வைத்தாள். அவர் அதைத் தொடாமல் கைப்பேசியை எடுத்து, எண்ணைத் தேடி, வேகமாக அழுத்திவிட்டு, நெருப்பைத் தொட்டதுபோல் மேசையில் போட்டார். ஒலிபெருக்கியில் மணி அடித்தது.

“அப்பா?” யோரனின் குரலில் பயம். “அம்மாவுக்கு ஏதாச்சுமா?”

“அம்மா நல்லாத்தான் இருக்கா. அது ஒண்ணுமில்ல… அந்த பவனிக்கு வரலாம்னு. எந்தத் தெருவுல நின்னா நல்லாத் தெரியும்னு கேக்கத்தான்.”

மறுமுனையில் பின்னால் ஒரு குழந்தை கத்தியது, மூச்சுப் பிடித்து, நிறுத்தி, மறுபடி கத்தியது. கிஸ்லேன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“நிக்கறதுக்கு எல்லாம் இடமில்லப்பா” என்றான் யோரன்.

லிலியான் கண்ணை மூடிக்கொண்டாள்.

“லோட்டெ அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன். இடையர்ல ஒரு ஆள் குறையுது. நீங்க நடப்பீங்களா? முட்டி தாங்குமா?”

“முட்டிக்கு என்ன கேடு?” என்றார் கிஸ்லேன்.

“செருப்பு மட்டும்தான், ஷூ கூடாது. தாடிய எடுத்துடாதீங்க. அங்கி அவர் அளவு, உங்களுக்குப் பத்தாது. லோட்டெ தைக்க உக்காந்துட்டா, அளவு சொல்லுங்கங்கறா. தோள், நெஞ்சு, கழுத்துலருந்து கணுக்கால் வரைக்கும். கைய நல்லா நீட்டி எடுக்கணுமாம். நடக்கறப்ப ஃபோன்ஸை யாராச்சும் மாத்தி மாத்தித் தூக்கணும். கனமா இருக்கான் பயல்.”

ஞானத்தகப்பன் பற்றி அவன் பேசவில்லை. இவரும் கேட்கவில்லை. பெயின்டைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

லிலியான் தையல் டப்பாவைக் கவிழ்த்து அளவு நாடாவைத் தேடி எடுத்து வந்தாள். “நீட்டு” என்றாள். கிஸ்லேன் சமையலறையின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். அவள் ஒவ்வொரு எண்ணாகக் கைப்பேசியை நோக்கிச் சத்தமாகச் சொன்னாள், அந்தப் பக்கம் யாரோ அதைத் திருப்பிச் சொன்னார்கள், குழந்தை நடுநடுவே கத்தியது. எல்லாம் எடுத்தாயிற்று, கையை இறக்கு என்று அவள் இரண்டு தரம் சொல்லிவிட்டாள். அவர் இறக்கவில்லை. உள்ளங்கைகள் மேலே பார்த்திருக்க, ஆடாமல் அசையாமல் அப்படியே நின்றிருந்தார்.