இரண்டு ஆள் எடை

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், மூணாறுப் பக்கம் சித்திரபுரத்துக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், அழகுத்தாய் நூற்றுப் பதினான்கு கிலோ இருந்தாள். சனிக்கிழமை வரை நாற்பத்தாறு. உடம்பு கொஞ்சமும் பெருக்கவில்லை. கண்ணாடி வளையல் முன்போலவே முழங்கை வரை ஏறி இறங்கியது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் மூட்டையைத் தராசுக் கொக்கியில் மாட்டியவள், அதன் கயிறு தன் இடுப்பில் கட்டியிருப்பதை மறந்து கால் வழுக்கினாள். மூன்று கால் நட்டுத் தொங்கவிட்டிருந்த தராசு ஒரு முழம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. மூட்டையில் கல் வைத்திருக்கிறாள் என்று கங்காணி காளிச்சாமி கொழுந்தைக் கொட்டிப் பார்த்தார். கொழுந்துதான் இருந்தது. பிறகு ஆளை மட்டும் கொக்கியைப் பிடித்துத் தொங்கச் சொன்னார். முள் நூற்றுப் பதினான்கில் போய் நின்றது. தோட்டத்தில் முள் சொன்ன பிறகு பேச்சு கிடையாது. கொழுந்து கிள்ளியவளும் கங்காணியும் பார்ப்பது ஒரே முள்ளைத்தான். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பழைய அட்டைகளைப் புரட்டி, நூற்றுப் பதினான்கில் நாற்பத்தாறு போனால் அறுபத்தெட்டு, அது அவள் புருஷன் நல்லதம்பியின் எடை என்று கண்டுபிடித்தார். நல்லதம்பி முந்தின நாள்தான், ஏலத்தோட்டத்தில் நல்ல வேலை இருக்கிறதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியிருந்தான். போன அவசரத்தில் எடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். கம்பவுண்டர் அவள் அட்டையில், உடம்பு நலம், ஆள் இரண்டு என்று எழுதி மாத்திரை எதுவும் கொடுக்காமல் அனுப்பினார்.

நல்லதம்பி திரும்பி வரவில்லை. அழகுத்தாய் அழுதாளா என்று கேட்டால், அழுதிருந்தால் கொஞ்சம் எடையாவது குறைந்திருக்கும். ஜீப்காரர்கள் இரண்டு ஆள் எடைக்கு இரண்டு ஆள் கூலி என்றார்கள். சரி என்று கொடுத்துவிட்டுப் பக்கத்துச் சீட்டில் தூக்குவாளியை வைத்தாள். அடிமாலிச் சந்தை நாளில் பதினெட்டுப் பேர் வெளியே தொங்கினாலும் அந்த வாளியை அவள் எடுத்ததில்லை. பஞ்சாயத்துத் தேர்தலில் இரண்டு ஓட்டுக் கேட்டுச் சாயங்காலம் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தாள். கிடைக்கவில்லை, ஆனால் அதிகாரிகள் அவள் பெஞ்சை நகர்த்தப் பார்த்து முடியாமல் வாக்குப் பெட்டியை வேறு அறைக்கு மாற்றினார்கள். இரண்டாயிரத்துப் பதினெட்டாம் வருடத்து மழையில் அவர்கள் லயத்தின் ஆறு வீடுகளும் ரயில் பெட்டி மாதிரி வரிசை கலையாமல் சரிவில் இறங்கத் தொடங்கியபோது, அவள் கடைசி வீட்டு வாசல்படியில் வெற்றிலையோடு போய் உட்கார்ந்தாள். லயம் நின்றுவிட்டது. மழை விடும்வரை மூன்று நாள் அவளுக்குச் சோறு உட்கார்ந்த இடத்துக்கே வந்தது. இரண்டு ஆள் சோறு.

நல்லதம்பி போனபோது மகள் மாரீஸ்வரிக்கு இரண்டு வயது. அம்மா படுக்கும் பக்கம் வீட்டுத் தரை வருடத்துக்கு ஒரு விரற்கடை தாழ்ந்துகொண்டே போனதால், பிள்ளை சரிவிலேயே தூங்கி, சரிவிலேயே நடை பழகி, சரிவிலேயே பெரியவள் ஆனாள். மலையில் நேராக நிற்பாள். படிக்கப் பாலக்காட்டுக்குப் போனபோது சமதரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். விடுதிப் பெண்கள் அவளை நம்பி அலமாரியைக்கூட அவள்மேல் சாய்த்து வைத்தார்கள், விழவில்லை. படிப்பு முடிந்து மூணாறில் ஜீப் ஓட்ட வந்தாள். டயர் கழற்றுவது, சேற்றில் தள்ளுவது எல்லாம் தானேதான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யாராவது வாயெடுத்தால், அவர்கள் வாய் மூடுவதற்குள் அவள் பார்த்து முடித்திருப்பாள். யாருக்காகவும் பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்கமாட்டாள்; பத்து நிமிடம் பிந்துகிறவன் வரப்போவதில்லை என்பது அவள் கணக்கு. பெண் பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளைகள் முக்கால் மணி, அரை மணி, பன்னிரண்டு நிமிடம் என்று பிந்தி, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான்காவதாக வந்தவன் ஈஸ்வரன். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பால் வண்டி ஓட்டுகிறவன். பால் பிந்தினால் திரிந்துவிடும் என்று வளர்ந்தவன். ஆறு மணி ஜீப் சவாரிக்கு ஐந்தே காலுக்கு வந்து ஸ்டெப்னியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவள் பாதி டீயை அவனுக்குக் கொடுத்தாள். மூணாறு டாக்ஸி ஸ்டாண்டில் அன்றைக்கே கல்யாணத் தேதி பேசப்பட்டது.

கல்யாணம் போன தை மாதம், கொழிஞ்சாம்பாறையில், மாப்பிள்ளை ஊரில். எல்லாம் சரியாகத்தான் போனது, தாரை வார்க்கும் நேரம் வரை. பெண்ணைப் பெற்றவர்கள் ஜோடியாக நின்று நீர் வார்த்துக் கொடுப்பது வழக்கம். தனி ஆள் கை படக்கூடாது என்பார்கள். ஈஸ்வரனின் தாய்மாமன் பழனிச்சாமி மனதில் கெட்ட எண்ணம் இல்லாதவர், அதனாலேயே பெரிய தொல்லை செய்யக்கூடியவர்.

"ஏனுங்க சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க," என்றார். "தாரை வாக்கோணும்னா ரெண்டு பேரு நிக்கோணுமுங்க. நீங்க அப்படி ஓரமா உக்காந்துக்குங்க. ஆளுக்கு நான் ஏற்பாடு பண்ணிப் போட்டனுங்க."

அழகுத்தாய் ஓரமாக உட்காரவில்லை. மாரீஸ்வரி மணவறையில் எழுந்து நின்றாள், மாலையோடு, பாலக்காட்டுச் சமதரையில் இருபது பாகை சாய்ந்து.

"எங்கம்மா நின்னாத்தேன் கல்யாணம். இல்லேன்னா ஜீப்பு வெளியதேன் நிக்கிது."

ஈஸ்வரன் அவளிடம் ஜீப்பில் தனக்கு இடம் இருக்குமா என்று மட்டும் கேட்டுக்கொண்டான். அதற்குள் பழனிச்சாமி செய்த ஏற்பாடு பந்தல் வாசலில் வந்து இறங்கியது. அது நல்லதம்பி. இருபத்து நான்கு வருடமாக அவன் ஏலப்பாறையில்தான், தோட்டத்திலிருந்து மூன்று மணி நேர பஸ் தூரத்தில்தான் இருந்திருக்கிறான். பெற்ற அப்பனே வந்தாச்சு, ஜோடி சேர்ந்தாச்சு என்று பழனிச்சாமி கைதட்ட, பாதிப் பந்தல் கூடத் தட்டியது. மகள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அழகுத்தாய், பெண் வீட்டாரோடு வந்திருந்த கங்காணி காளிச்சாமியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் காளிச்சாமி கொழுந்துத் தராசை விட்டு எங்கும் போவதில்லை. ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் அது தயாராக இருந்தது. பந்தலின் இரும்பு உத்தரத்தில் மாட்டினார். இரண்டு பேர் நிற்க வேண்டும், அவ்வளவுதானே, முள்ளைக் கேட்போம் என்றாள் அழகுத்தாய். கொக்கியைப் பிடித்துத் தொங்கினாள். நூற்றுப் பதினான்கு. உத்தரம் வளைந்து பந்தலின் அந்த மூலை நாதஸ்வரக்காரர் தலைவரை இறங்கியது. அடுத்து நல்லதம்பி. அறுபத்தொன்று என்றது முள். காளிச்சாமி கங்காணியாக இருந்தவர், எளிதில் யாரையும் நம்பாதவர். பையைக் காலி செய்யச் சொன்னார். சட்டையிலிருந்தும் வேட்டிக்குள் போட்டிருந்த டவுசரிலிருந்தும் முப்பத்தேழு ஆற்றுக்கல், இரண்டு பூட்டு, அம்மிக் குழவி இரண்டு வந்தன. எல்லாம் கீழே வைத்ததும் முள் இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. நல்லதம்பி கொக்கியைப் பிடித்தபடி மேல்நோக்கித் தொங்கினான். கிழக்குக் காற்றில் அவன் வேட்டி மெல்ல ஆடியது. பழனிச்சாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முள்ளை இருமுறை பார்த்தார்.

"அழகு, என் பங்கையாச்சும் குடுத்துரு," என்றான் நல்லதம்பி மேலேயிருந்து. "காத்தடிச்சா நிக்க முடியல."

"குடுத்தா எங்கனயாச்சும் எறக்கி வச்சிட்டுப் போயிருவ," என்றாள் அவள். "கெடக்கட்டும். எங்கிட்டயே இருக்கட்டும்."

முகூர்த்தம் முடியப் பதினொரு நிமிடம் இருந்தது. பழனிச்சாமியே சொம்பை எடுத்து அவள் கையில் கொடுத்து, ரெண்டு பேரும் நல்லாச் சேந்து வாத்து உடுங்க சம்பந்தி என்றார். அவள் ஏறி நின்றதும் மணவறைப் பலகை இரண்டு பேர் நின்றால் எப்படி முனகுமோ அப்படி முனகியது. அந்த நீர் மகள் கையிலிருந்து மாப்பிள்ளை கைக்கு இறங்கியது. தாலி ஏறியது.

தராசு தொங்குகிறதே என்று சாப்பாட்டுக்கு முன் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் தொங்கிப் பார்த்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு அழகுத்தாய் மகளை அழைத்துத் தொங்கச் சொன்னாள். கூறைப்புடவை, மாலை, நகை உட்பட ஐம்பத்து மூன்று. ஒரு ஆள். அழகுத்தாய் இடப்பக்கம் நின்று பார்த்தாள், வலப்பக்கம் போய்ப் பார்த்தாள். இருபத்து நான்கு வருடம் வேறு எதற்காகச் சுமந்தாள்? பிறகு ஈஸ்வரனை. அறுபத்திரண்டு. அவனும் ஒரு ஆள்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் பந்தியில் உட்கார்ந்தாள். நல்லதம்பிக்கும் இலை போட்டார்கள், மடியில் ஒரு ஆட்டுக்கல்லை வைத்து. கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா அவன் இரண்டு கையிலும் மும்மூன்று தேங்காய் கொடுத்தனுப்பினார். பஸ் ஸ்டாண்டு வரை கால் தரையில் பட்டுத்தான் நடந்தான் என்கிறார்கள்.

ஜீப்பை மகளிடம் விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை வேலைக்கு இறங்க வேண்டுமே என்று அழகுத்தாய் மறுநாளே புறப்பட்டாள். உடுமலைப்பேட்டையில் மூணாறு பஸ் ஏறி இரண்டு டிக்கெட் வாங்கி, பக்கத்துச் சீட்டில் தூக்குவாளியை வைத்தாள். மறையூரில் கூட்டம் ஏறியது. கரும்புச் சர்க்கரை மூட்டையோடு வந்த ஒருவர் வாளியைக் காட்டி, இவிடெ ஆளுண்டோ, இங்கே ஆள் இருக்கிறதா என்று மலையாளத்தில் கேட்டார்.

"இருக்கேன்," என்றாள் அழகுத்தாய்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, மூணாறு வரை நின்றுகொண்டே வந்தார்.